இந்தப் பெயருக்கு யார் தாசில்தார்?



சென்ற ஆண்டு பொங்கல் விழா ஏற்பாட்டுக்காக லோஹேகாவில் எங்கள் பகுதித் தமிழ் அன்பர்கள் ஒரு வீட்டு மொட்டை மாடியில் கூடினோம். லோஹேகாவ்வாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: விமானப்படை விமானம் ஒன்று கிளம்பினால் இங்கே எந்தப் பேச்சும் பாதியில் நின்றுவிடும். சத்தம் ஓய்ந்த பிறகு விட்ட வார்த்தையிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அப்படி ஓர் இடைவெளி முடிந்ததும் செயலாளர் மெதுவாகச் சொன்னார்: "நம்ம வெப்சைட் பெயர் போயிடுச்சு."

பதினான்கு வருஷமாக இருந்த பெயர். குழந்தைகளின் மாறுவேடப் போட்டிப் படங்கள், பழைய மலர்கள், காலமான உறுப்பினர்கள் மேடையில் பாடிய பாட்டுகளின் ஒலிப்பதிவு எல்லாம் அந்தப் பெயரைத் தட்டினால் வரும். இப்போது தட்டினால் பணம் வைத்து ஆடும் சீட்டாட்ட விளம்பரம் வருகிறது. ஊரிலிருக்கும் பேரனுக்கு "நம்ம சங்கத்துப் படம் பாருடா" என்று சொல்லிவிட்டு, அவன் திரும்பக் கூப்பிட்டு "என்ன தாத்தா இது?" என்று கேட்டபோது கூனிக்குறுகிப் போனவர் எங்களில் ஒருவர் உண்டு.

எல்லோரும் ஆளுக்கொன்று பேசினார்கள். எழுபத்தைந்து வயது மாமி ஒருவர்தான் உருப்படியான கேள்வி கேட்டார். "நிலத்துக்குத் தாசில்தார் ஆபீஸ் இருக்கு. வண்டிக்கு ஆர்.டி.ஓ. இருக்கார். இந்தப் பெயருக்கெல்லாம் தாசில்தார் யாரு? அவர்கிட்ட போய் ஒரு மனு கொடுங்களேன்."

யாரிடமும் பதில் இல்லை. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் என்பதால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குப் புரிந்த பாஷையில், அதாவது ரயில்வே பாஷையில், ஆரம்பிக்கிறேன். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு குறியீடு உண்டு. சென்னை சென்ட்ரலுக்கு எம்.ஏ.எஸ். ஊரின் பெயர் 1996இல் மெட்ராஸிலிருந்து சென்னையாயிற்று. 2019இல் ஸ்டேஷனுக்கு எம்.ஜி.ஆர். பெயரும் வந்தது, ஆனாலும் டிக்கெட்டில் எம்.ஏ.எஸ்.தான். இரண்டு ஸ்டேஷனுக்கு ஒரே குறியீடு இருந்தால் பார்சல் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே குறியீடு கொடுக்கிற இடம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இன்டர்நெட்டிலும் இதே கதைதான். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நீளமான எண் ஒன்று உண்டு. மனிதர்களுக்கு எண் ஞாபகம் இருக்காது. எனவே எண்ணுக்கு ஒரு பெயர். அந்தப் பெயர் உலகத்தில் ஒரே ஒருவருக்கு மட்டும்.

ஆரம்பத்தில் இதற்கு ஆபீஸ் எதுவும் கிடையாது, ஒரு நோட்டுப் புத்தகம்தான். 1970களில் அமெரிக்காவின் ஆர்பாநெட் என்ற வலையில் சில நூறு கம்ப்யூட்டர்கள் இருந்தன. கலிஃபோர்னியாவில் எஸ்.ஆர்.ஐ. என்ற ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணியின் குழு எல்லாப் பெயர்களையும் ஒரே பட்டியலாக வைத்திருந்தது. புதிதாக ஒரு கம்ப்யூட்டர் சேர வேண்டுமானால் அவர்களுடைய அலுவலக நேரத்தில் போன் செய்து சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தப் பட்டியலை அவ்வப்போது நகல் எடுத்துக்கொள்வார்கள். வலை வளர வளர இது தாங்கவில்லை. 1983இல் பால் மாக்கபெட்ரிஸ் என்ற பொறியாளர் புதிய முறை ஒன்றை வகுத்தார். மேலே ஒரு 'வேர்'. அதன் கீழ் டாட் காம், டாட் ஆர்க் போன்ற கிளைகள். ஒவ்வொரு கிளையையும் ஒருவர் பார்த்துக்கொள்வார். ரயில்வே போர்டு, மண்டலம், கோட்டம், ஸ்டேஷன் மாஸ்டர் என்று அதிகாரம் இறங்குகிற மாதிரி. 1985 மார்ச் 15 அன்று சிம்பாலிக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி முதல் டாட் காம் பெயரைப் பதிந்தது.

இந்த மரத்தின் வேர் யார் கையில் இருந்தது? இதைப் படித்தபோது நான் அசந்துபோனேன். ஜான் போஸ்டல் என்ற தாடிக்காரர் ஒருவர் கையில். தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். அவரை யாரும் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை. நியாயமானவர் என்ற நம்பிக்கை ஒன்றுதான் அவருடைய அதிகாரம். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கிளை கொடுக்க வேண்டி வந்தபோது எது நாடு, எது நாடல்ல என்று தீர்மானிக்கும் வேலை தனக்கு வேண்டாம் என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். சர்வதேசத் தர நிறுவனம் ஏற்கெனவே வெளியிட்டிருந்த இரண்டெழுத்து நாட்டுப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார். அதில் நமக்கு இருந்த எழுத்துகள் ஐ.என். அப்படித்தான் நமக்கு 'டாட் இன்' வந்தது.

(அந்தப் பட்டியலால் சிலருக்கு லாட்டரி அடித்ததும் உண்டு. துவாலு என்ற குட்டித் தீவு நாட்டுக்கு டாட் டிவி. அங்குவிலா என்ற தீவுக்கு டாட் ஏஐ. இரண்டும் எழுத்தை விற்றே பெரிய வருமானம் பார்க்கின்றன. சோவியத் யூனியன் 1991இல் மறைந்தது. அதன் இரண்டெழுத்து மட்டும் பல பத்தாண்டுகள் கழித்தும் ஓடிக்கொண்டிருந்தது. எம்.ஏ.எஸ். தேவலை!)

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1986இல் மத்திய அரசின் எலெக்ட்ரானிக்ஸ் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு எர்நெட் என்ற கல்வி வலையைத் தொடங்கியது. ஐந்து ஐ.ஐ.டி.க்கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், பம்பாயில் ஜூஹுவிலிருந்த தேசிய மென்பொருள் நுட்ப மையம் ஆகியவை அதில் இருந்தன. சென்னை ஐ.ஐ.டி.யும் அந்த ஐந்தில் ஒன்று. ஜூஹு மையத்தின் இயக்குநர் டாக்டர் எஸ். ரமணி. இந்தியாவுக்கு இன்டர்நெட் வந்த கதையில் தவிர்க்க முடியாத பெயர். 2014இல் இன்டர்நெட் புகழ் மண்டபத்திலும் அவரைச் சேர்த்தார்கள். டாட் இன் பதிவானது 1989 மே 8 அன்று. அதை நிர்வகிக்கும் பொறுப்பு அந்த ஜூஹு மையத்துக்கு வந்தது. நம்மைப் போன்ற பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இணைப்பு கிடைத்ததோ 1995 ஆகஸ்ட் 15 முதல்தான்.

அதாவது புனேயிலிருந்து டெக்கான் குயீனில் ஏறி இறங்கி வரும் தூரத்தில் இந்தியாவின் 'தாசில்தார்' பதினைந்து வருஷம் உட்கார்ந்திருந்தார். நமக்குத்தான் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் பெயர் சுலபமாகக் கிடைத்திருக்காது. இந்தியாவில் பதிவான நிறுவனமா, காகிதம் எங்கே, இந்தப் பெயர் உனக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்டுத்தான் கொடுத்தார்கள். கம்பெனிக்கு ஒரு கிளை, கல்லூரிக்கு ஒரு கிளை, ராணுவத்துக்கு ஒரு கிளை. அந்தக் கண்டிப்பின் விளைவு: 1992 முதல் 2004 வரை மொத்தம் சுமார் 7,000 பெயர்களே பதிவாயின. அதே காலத்தில் நம்மவர்கள் கூட்டம் கூட்டமாக டாட் காம் வாங்கப் போய்விட்டார்கள். கண்டிப்பான ஆபீஸ் பக்கம் ஜனம் வராது என்பதை முன்பதிவு கவுண்டரில் நின்ற நாம் எல்லோரும் அறிவோம்.

டாட் காம் பக்கம் என்ன நடந்தது என்றால், அங்கே பணம் புகுந்தது. 1993 முதல் அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை, நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற தனியார் கம்பெனியிடம் பதிவு வேலையை விட்டிருந்தது. 1995 செப்டம்பர் வரை பதிவு இலவசம். பிறகு வருஷத்துக்கு 50 டாலர் என்று கணக்கிட்டு, முதல் இரண்டு வருஷத்துக்குச் சேர்த்து 100 டாலர் கட்டணம் வைத்தார்கள். எந்தப் பொருளும் உற்பத்தி செய்யாமல், பட்டியலில் ஒரு வரி எழுதுவதற்கு! 2000இல் வெரிசைன் கம்பெனி சுமார் 2,100 கோடி டாலர் மதிப்பில் அதை வாங்கியது. தங்கச் சுரங்கத்தைப் பார்த்ததும் வேருக்கு யார் சொந்தக்காரர் என்ற சண்டை ஆரம்பித்துவிட்டது. இன்டர்நெட்டைக் கட்டிய விஞ்ஞானிகள் ஒரு பக்கம், கம்பெனிகள் ஒரு பக்கம், 'நாங்கள் காசு கொடுத்து வளர்த்தது' என்று அமெரிக்க அரசு ஒரு பக்கம்.

1998 ஜனவரி 28 அன்று போஸ்டல் ஒரு காரியம் செய்தார். உலகம் முழுவதற்குமான மூலப் பட்டியலை வைத்திருந்த வேர்க் கணினிகளில் எட்டை நடத்தியவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்: இனி அரசாங்க ஒப்பந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டரிலிருந்து பட்டியலை எடுக்க வேண்டாம், என்னுடையதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அப்படியே செய்தார்கள். ஒருவர் சொன்ன சொல்லுக்காக உலக வலையின் பாதிக்கு மேற்பட்ட தலைமைக் கணினிகள் திசை மாறி நின்றன. எந்த மின்னஞ்சலும் நிற்கவில்லை, யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வெள்ளை மாளிகைக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அது ஒரு சோதனைதான் என்று சொல்லிச் சில நாட்களில் பழையபடி திருப்பிவிட்டார்.

சிக்னல்காரன் கண்ணுக்கு இது எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன். ஒற்றைத் தடப் பாதையில் 'நீல்ஸ் பால் டோக்கன்' என்ற கருவி இருந்தது. இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரே ஒரு இரும்புப் பந்துதான் வெளியே வரும். அது கையில் இருக்கிற டிரைவர்தான் போகலாம். அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதிக்காமல் பந்து வெளியே வராது. இரண்டு பந்து வெளியே வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சில நாட்கள் உலகத்தில் இரண்டு பந்து வெளியே இருந்தது. இரண்டு பட்டியலும் ஒன்றாகவே இருந்ததால் மோதல் இல்லை. வேறு வேறாக இருந்திருந்தால் ஒரே பெயரைத் தட்டிய இரண்டு பேர் இரண்டு இடத்துக்குப் போயிருப்பார்கள். நல்லவர் கையில் இருந்தது, பிழைத்தோம். ஆனால் நல்லவர் கையை நம்பி இன்டர்லாக்கிங் இல்லாமல் ஸ்டேஷன் நடத்தலாம் என்று எந்த இன்ஸ்பெக்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

அதே வருஷம் செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் 'ஐகான்' என்ற லாப நோக்கமற்ற அமைப்பு பதிவாயிற்று. வேர்ப் பட்டியலின் பொறுப்பு அதற்கு. போஸ்டல் அதற்கு வழிவகுத்துவிட்டு, இதய அறுவை சிகிச்சைக்குப் பின் அக்டோபர் 16 அன்று 55 வயதில் காலமானார். அதன் முதல் நடை அவர் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

ஐகானில் கம்பெனிகள், பொறியாளர்கள், சாதாரண உபயோகிப்பாளர்கள் எல்லோருக்கும் இடம் உண்டு. அரசாங்கங்களுக்கு ஆலோசனை சொல்லும் குழு ஒன்று. ஆனாலும் அமெரிக்க வணிகத் துறையின் ஒப்பந்தத்தின் கீழ்தான் வேர் இருந்தது. 'உலகத்துக்கு எல்லாம் பொதுவான பட்டியலுக்கு ஒரே ஒரு நாடு மேற்பார்வையா?' என்று மற்ற நாடுகள் கேட்காமல் இருக்குமா? நம் நாடும் கேட்டது. 2011 அக்டோபரில் ஐ.நா. பொதுச்சபையில் இந்தியா, 50 நாடுகள் கொண்ட ஐ.நா. குழு ஒன்று இதையெல்லாம் பார்க்கட்டும் என்று யோசனை வைத்தது. உள்நாட்டிலேயே எதிர்ப்பு வந்தது. 2015 ஜூனில் அமைச்சர் ரவிசங்கர் பிரசாத், அரசுகளோடு மற்ற எல்லாத் தரப்பும் சேர்ந்து நடத்தும் முறையை இந்தியா ஆதரிக்கிறது என்று ஐகான் கூட்டத்துக்கு அறிவித்தார். 2016 அக்டோபர் 1 அன்று அமெரிக்க அரசின் ஒப்பந்தம் முடிந்தது. அடுத்த மாதமே ஐகானின் கூட்டம் நம் ஹைதராபாத்தில் நடந்தது. இது நல்லதா என்றால், ஐ.நா. குழு யோசனையை விட இது மேல் என்பது என் அபிப்பிராயம். ஐம்பது நாடுகள் சேர்ந்து ஒரு ஸ்டேஷன் குறியீடு கொடுக்க எத்தனை வருஷம் ஆகும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

இதற்கிடையில் டாட் இன் கைமாறியது. ஜூஹு மையம், தலைமையகத்தைப் புனேயில் கொண்ட சீ-டாக்கோடு இணைக்கப்பட்டது. டாட் இன் பொறுப்பு 'நிக்ஸி' என்ற அமைப்புக்குப் போனது. 2005 தொடக்கத்தில் விதிகளைத் தளர்த்தி, பிப்ரவரியிலிருந்து யார் வேண்டுமானாலும் பெயர் பதியலாம் என்று திறந்துவிட்டார்கள். பன்னிரண்டு வருஷத்தில் 7,000 பெயர் கண்ட டாட் இன், 2010 மார்ச்சில் ஆறு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

பெயர் பறிபோனால் சட்டம் என்ன சொல்கிறது? இதில் நம் சென்னைக் கம்பெனி ஒன்றின் வழக்குதான் நாட்டுக்கே வழிகாட்டி. சத்யம் இன்ஃபோவே, 'சிஃபி' என்ற சொல்லை வைத்து 1999இல் பெயர்கள் பதிந்தது. பிறகு இன்னொரு நிறுவனம் ஓர் எழுத்தைக் கூட்டி 'சிஃபிநெட்' என்று ஒலிக்கும் பெயரைப் பதிந்துகொண்டது. பெங்களூர் சிட்டி சிவில் கோர்ட் தடை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. உச்ச நீதிமன்றம் 2004 மே 6 அன்று மறுபடி தடையை உறுதி செய்தது. இதற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், இணையப் பெயரும் வியாபாரச் சின்னத்தைப் போலப் பாதுகாப்புக்குரியது என்பது தீர்ப்பின் சாரம். கோர்ட்டுக்குப் போகாமல் நடுவர் மூலம் தீர்த்துக்கொள்ள ஐகான் 1999இலேயே ஒரு முறை வகுத்தது. டாட் இன்னுக்கும் அதே போன்ற முறை இருக்கிறது.

அப்பாடா, மனு போட ஓர் இடம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன். உள்ளே போய்ப் படித்தால்தான் தெரிகிறது. எங்களுடையது டாட் ஆர்க். எனவே ஐகான் முறை. மூன்று விஷயங்களை நாங்கள் நிரூபிக்க வேண்டும்: அந்தப் பெயர் எங்கள் சின்னத்தைப் போலவே இருக்கிறது, எதிராளிக்கு அதில் உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிந்து பயன்படுத்துகிறார். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மனு தள்ளுபடி. எங்கள் சங்கத்துக்கு ஏது வியாபாரச் சின்னம்? ஜெனிவாவிலுள்ள உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் நடுவரிடம் போக, ஒரு பெயருக்குக் கட்டணம் 1,500 டாலர். எங்கள் பொங்கல் விழா பட்ஜெட்டே அவ்வளவு கிடையாது.

எப்படிப் போயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன், மற்றச் சங்கங்களுக்கு உபயோகப்படும். பெயரை 'வாங்கினோம்' என்று சொல்கிறோமே, அது பேச்சு வழக்கு. உண்மையில் அது ரிசர்வேஷன். அதிகபட்சம் பத்து வருஷத்துக்கு. முடியும் முன் புதுப்பிக்க வேண்டும். எங்கள் பெயரை அன்றைக்குப் பதிந்தது ஒரு நல்ல பையன், தன் சொந்தப் பெயரில், தன் ஆபீஸ் மின்னஞ்சலில், தன் கார்டில் காசு கட்டி. சங்கத்திடம் பணம் கூட வாங்கிக்கொள்ளவில்லை. இடையில் ஒரு தடவை அவனே புதுப்பித்துமிருக்கிறான். பிறகு வேலை மாறிக் கனடா போனான். ஞாபகக் கடிதங்கள் எல்லாம் பழைய ஆபீஸ் முகவரிக்குப் போய்க்கொண்டே இருந்தன. தவணை முடிந்த பிறகும் உடனே பறிக்க மாட்டார்கள். சில வாரம் சலுகை, பிறகு அபராதத்தோடு மீட்க 30 நாள், கடைசியில் 5 நாள் காத்திருப்பு. அத்தனையும் கழிந்தது. இதற்கென்றே காத்திருப்பவர்கள் கொத்திக்கொண்டு போனார்கள். பையன் மேல் ஒரு தப்பும் இல்லை. கணக்குப் புத்தகத்தையும் ரசீதுப் புத்தகத்தையும் பூட்டி வைக்கத் தெரிந்த எங்களுக்கு, பெயர் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

படங்கள் தப்பின, அவை வேறு இடத்தில் பத்திரமாக இருந்தன. ஒலிப்பதிவுகளில் பாதி போயிற்று.

இப்போது புதிதாக டாட் இன்னில் ஒரு பெயரைச் சங்கத்தின் பெயரிலேயே ஐந்து வருஷத்துக்குப் பதிந்திருக்கிறோம். தொடர்புக்குச் சங்கத்துக்கென்றே ஒரு மின்னஞ்சல். அதன் திறவுச்சொல் தலைவர், பொருளாளர் இருவரிடமும். முடியும் தேதி வரவு செலவு அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

அதோடு தமிழிலேயே ஒரு பெயர் வேண்டும் என்று இளைஞர்கள் கேட்டார்கள். முடியுமா என்று நானும் சந்தேகப்பட்டேன். வேர்ப் பட்டியலுக்குத் தெரிந்தது ஆங்கிலத்தின் 26 எழுத்து, பத்து எண், ஒரு சிறு கோடு, அவ்வளவுதான். இதை உடைக்கும் முயற்சியில் நம் இனத்துக்கும் பங்கு உண்டு. 1995இலேயே சிங்கப்பூரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீயும் தமிழை வலையில் ஏற்றினார்கள். 1998 வாக்கில் டான் டின் வீயின் குழு பெயரையே தாய்மொழியில் எழுதும் வழியைச் செய்து காட்டியது. கோவிந்தசாமி 1999இல் மறைந்துவிட்டார். 2003இல் உலகப் பொது முறை வந்தது: நாம் தமிழில் தட்டுவதைக் கம்ப்யூட்டர் உள்ளுக்குள் ஆங்கில எழுத்துச் சங்கேதமாக மாற்றிக்கொள்ளும். ரயில்வே தந்தியில் போன மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2010இல் டாட் இலங்கை, 2011இல் டாட் சிங்கப்பூர், அதே வருஷம் டாட் இந்தியா, எல்லாம் தமிழ் எழுத்தில் வேரில் ஏறின. ஹிந்தி, வங்காளம், தெலுங்கு, குஜராத்தி, பஞ்சாபி, உருது எல்லாவற்றிலும் 'பாரத்' என்றிருக்க, தமிழில் மட்டும் 'இந்தியா'.

தமிழில் பெயர் என்றால் தமிழுக்கே உரிய வம்பும் உண்டு. ஔவை என்று எழுத 'ஔ' ஒரே எழுத்தாகவும் வரும். 'ஒ', 'ள' என்று இரண்டாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு. ஏமாற்றுக்காரன் ஒருவன் இரண்டாவதைப் பதிந்துகொண்டால்? இப்படிப்பட்ட மயக்கங்களுக்கு இந்திய மொழிகள் பலவற்றுக்கும் விதி வகுத்த வேலையில் பெரும் பங்கு, இங்கே நம் புனேயில் இருக்கும் சீ-டாக்கின் ஜிஸ்ட் பிரிவினுடையது. ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: தமிழ்ப் பெயரில் மின்னஞ்சல் வைத்தால் பல படிவங்கள் இன்னும் 'தவறான முகவரி' என்று திருப்பியடிக்கின்றன. அதனால் டாட் இன் பிரதானம், தமிழ் இரண்டாவது என்று முடிவு செய்தோம்.

சென்ற மாதக் கூட்டத்தில் தமிழ்ப் பெயரை இறுதி செய்ய உட்கார்ந்தோம். லோஹேகாவ் என்றார் செயலாளர். கிரந்த எழுத்து வேண்டாம், லோகேகாவ் என்றார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மராட்டியர் வாயில் அது லோஹ்காவ் என்றார் இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தம்பி. மூன்றும் வேருக்கு மூன்று வேறு பெயர்கள், மூன்றையும் பதியலாமே என்றேன். மூன்றுக்கும் வருஷா வருஷம் யார் கட்டுவது என்றார் பொருளாளர். மாமி மட்டும், "பால்காரரிடம் எப்படி விலாசம் சொல்றோமோ அப்படியே எழுதுங்கோ" என்றார். கை தூக்கி ஓட்டெடுக்கலாம் என்று எழுந்தபோது விமானம் கிளம்பிவிட்டது. எந்தப் பெயருக்குக் கை தூக்கினார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி கூடுகிறோம்.